அருவருப்பு இல்லை, குமட்டல்தான்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றுவதற்கு முன் நோயாளிகளிடம் கேட்டு நிரப்பும் படிவத்தில் 'அருவருப்பு உள்ளதா?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஒரு சொல்லை 'குமட்டல்' என்று மாற்றக் கேட்டுத்தான் இந்த மடல்.

சென்ற வாரம் செவிலியர் அதைப் படித்தபோது நான் மருந்து வரிசையில் நின்றிருந்தேன். ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிப்பழம் பறித்தே காலம் கழித்த என் அம்மா, "எனக்கு யார் மேல், கண்ணு, அருவருப்பு? எல்லாரும் நல்லபடியாகத்தானே பார்க்கிறீர்கள்" என்றிருக்கிறார். 'இல்லை' என்ற கட்டத்தில் குறி விழுந்தது. போன முறை மூன்று நாள் கஞ்சிகூட வயிற்றில் தங்காத கதை யார் காதுக்கும் எட்டவில்லை. வாந்தி மாத்திரையும் பழையதே.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பினோம். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதிலேயே அம்மா ஓங்கரிக்கத் தொடங்கினார். ஜன்னல் கம்பியைப் பிடித்த கையில் ஊசி குத்திய இடத்துப் பஞ்சு ஒட்டியபடியே இருந்தது. முன் இருக்கைப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறினார். அந்தப் பெண்ணுக்கு வந்ததுதான் ஐயா, அருவருப்பு. அம்மாவுக்கு வந்தது குமட்டல்.

குமட்டலைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'நாசியா' (nausea) கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. கடற்பயணத்தில் வயிறு புரட்டுவதற்கு இட்ட பெயர், பின்னாளில் கடும் வெறுப்புக்கும் நீண்டது. படிவத்தை மொழிபெயர்த்தவர் அந்த வாலைப் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. தமிழில் குமட்டல், உமட்டல், ஓக்காளம் என்று வயிற்றுக்கென்றே சொற்கள் கிடக்கின்றன. தேன் மிஞ்சினால் தெவிட்டும் என்று அதற்கும் தனியாக வைத்திருக்கிறோம். கப்பல் ஏறாத எங்களுக்கு மலை பஸ் போதும், பொருள் விளங்க.

பணம் கட்டும் ஜன்னலில் ஒட்டிய அறிவிப்பில் மட்டும் தமிழ் பிசகாமல் இருக்கிறது. அதை எழுதியவரிடமே படிவத்தையும் கொடுத்திருக்கலாம்! மன்னியுங்கள், கேட்க வந்தது அதுவல்ல.

'அருவருப்பு' என்பதை எடுத்துவிட்டு 'குமட்டல்' என்று போடுங்கள். 'வயிற்றைப் புரட்டுகிறதா?' என்று கேட்டால் இன்னும் நல்லது. அம்மாவுக்கு அடுத்த மருந்து வரும் வியாழக்கிழமை. அதற்குள் புதுப் படிவம் அச்சாகாது என்றால், பழையதில் பேனாவால் அடித்து எழுதச் சொன்னாலும் போதும்.

பணிவுடன்,
ஒரு நோயாளியின் மகள்
ஏற்காடு