ஐஸ் மீனும் முதுகு வலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு அறிவியல் பக்கத்தில் உறைந்த மீனையும் முதுகெலும்பு சத்திரசிகிச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரண்டும் ஒரே நாளில் பேசப்படும் விஷயந்தான்.

போன வாரம் ஹட்டன் சந்தையில் ஒரு கிலோ சூரை வாங்கினேன். கல் மாதிரி இருந்தது. கரைந்ததும் சட்டியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி, துண்டெல்லாம் பஞ்சாகிவிட்டது. மீனில் உள்ள தண்ணீரின் பெரும்பகுதி மைனஸ் 1 முதல் மைனஸ் 5 பாகை செல்சியஸுக்குள் உறைகிறது. அந்த இடைவெளியை மெதுவாகக் கடந்தால் பனிப் படிகங்கள் பெரிதாகித் தசையைக் கிழித்துவிடும். வேகமாகக் கடந்தால் படிகம் சிறிது, சதையும் கட்டாக நிற்கும். கரையோரத்தில் ஒழுங்காக உறைய வைத்த மீனும் லொறியில் பாதி கரைந்து, கடைப் பெட்டியில் மறுபடி மெதுவாக உறைந்தால், அவ்வளவுதான். குளிர் ஊர்தானே என்று பெட்டி மூடியைத் திறந்தே வைக்கிறார்கள். உறைந்த மீனை வைக்க வேண்டியது மைனஸ் 18 பாகையில்; நுவரெலியாக் குளிர்கூட அவ்வளவு ஆகாதே! பெட்டிக்கு ஒரு வெப்பமானியாவது வைக்கச் சொல்லி சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்த வேண்டும்.

அப்புறம் முதுகெலும்பு. வருடக்கணக்கில் கொழுந்துக் கூடை சுமந்த என் அக்காவுக்கு டிஸ்க் விலகி, சத்திரசிகிச்சை நடந்தது. காலில் இறங்கிய வலி போய்விட்டது. குனிந்தால் இடுப்பு இன்னும் பிடிக்கிறது. இந்தச் சிகிச்சை கால் வலிக்குத்தான் கூடுதலாக உதவும், முதுகு வலிக்கு அவ்வளவாக இல்லை என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். உங்கள் கட்டுரையிலும் அந்த வரியைக் காணோம்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்