நற்செய்தி சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஊழியர்களே, சகோதர சகோதரிகளே,

சுவிசேஷம் சொல்லாதீர்கள் என்று நான் எழுதவில்லை. அது நம் கடமை, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சொல்லுகிற விதம்தான் மனதை உறுத்துகிறது. எதிரே இருப்பவர் கும்பிடும் தெய்வத்தைப் 'பிசாசு' என்று ஆரம்பிக்கிறோம். அவர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த வசனத்துக்குத் தாவிவிடுகிறோம்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எபேசு பட்டணத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் இரண்டு வருஷத்துக்கு மேல் பிரசங்கித்திருக்கிறார். தெமேத்திரியு என்கிற தட்டான் கலகத்தைக் கிளப்பிவிட, பவுலோடு இருந்த காயுவையும் அரிஸ்தர்க்குவையும் அரங்கத்துக்குள் இழுத்துவந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கூட்டம் தங்கள் தேவியான தியானாளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. கடைசியில் நகரத்துச் சம்பிரதி, அதாவது நகர நிர்வாக அதிகாரி, கூட்டத்தை அமர்த்திவிட்டு, இவர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் இல்லை என்கிறார். கையால் செய்த தேவர்கள் தேவர்களல்ல என்று பவுல் ஒளிவுமறைவில்லாமல் போதித்தவர்தான். அப்படியிருந்தும், விசுவாசி அல்லாத ஒரு அதிகாரி இவர்களுக்காக இப்படிச் சாட்சி சொல்ல முடிந்தது. நம்மைப் பற்றி அக்கம்பக்கத்தார் இதைச் சொல்வார்களா? எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்திலும் அப்படித்தான். விக்கிரகங்களைப் பார்த்துப் பவுலின் ஆவி வைராக்கியம் அடைந்தது. ஆனால் பேச நின்றபோது அவர்களுடைய தேவபக்தியைச் சொல்லித்தான் தொடங்கினார். அவர்களுடைய புலவர்களின் வரியையும் எடுத்துக் காட்டினார்.

அப்புறம் நோயாளியின் படுக்கை. வேதனையில் இருப்பவரிடம், 'விசுவாசித்தால் சுகம்' என்று பேரம் பேசாதீர்கள். உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானும், உலக சுவிசேஷக் கூட்டணியும் 2011-இல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையிலேயே, மக்களின் பலவீனத்தையும் சுகம் தேடும் நிலையையும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள். சரி என்றால் ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும்.

துக்கத்தோடு திரும்பிப் போன ஐசுவரியவானை இயேசு அன்போடுதான் பார்த்தார், துரத்திக்கொண்டு போகவில்லை. சபைத் தலைவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஊழியப் பயிற்சியில் வசனங்களை மனப்பாடம் செய்ய வைக்கிறீர்கள், நல்லது. மறுப்புச் சொன்னவரிடம் முகம் கோணாமல் விடைபெறுவது எப்படி என்பதையும் அடுத்த வகுப்பிலேயே சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி