முதலில் சர்வோவைப் பிரி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் படித்தேன். நான்கு கால் ரோபோ எழுந்து நிற்கப் போகும்போதெல்லாம் அதை ஓட்டும் கண்ட்ரோல் போர்டு ரீசெட் ஆகிறது, ப்ரோகிராமில் பிழை தேடித் தேடி அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ப்ரோகிராமை விடு. எனக்குச் சந்தேகம் முழுக்க பேட்டரி வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் அந்த 7805 ரெகுலேட்டர் மேல்தான்.

கணக்குப் போட்டுப் பார். இரண்டு செல் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். அதில் 5 போக மீதி 3.4 வோல்ட் வெறும் சூடாகத்தான் போகிறது, 1 ஆம்பியர் இழுத்தாலே 3.4 வாட், ஹீட் சிங்க் இல்லாமல் அது தாங்காது, சூடு தலைக்கேறியதும் தானாகவே அடங்கிவிடும். நீ வைத்திருப்பதோ கால்களை அசைக்க எட்டு சர்வோ மோட்டார். சின்ன சர்வோகூட பாரத்தோடு கிளம்பும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், எட்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 4 ஆம்பியரைத் தாண்டிவிடும். 7805-ஆல் முடிகிற காரியமா? அந்த நேரத்தில் 5 வோல்ட் சரிகிறது, போர்டு ரீசெட் ஆகிறது.

பேட்டரி ஒன்றே போதும், பாதைதான் இரண்டாக வேண்டும். சர்வோக்களுக்கு 5 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தரக்கூடிய பக் கன்வெர்ட்டர் (7805 போல அவ்வளவு சூடாகாமல் வோல்ட்டைக் குறைப்பது) ஒன்று, போர்டுக்குத் தனியாகச் சின்னதாக இன்னொன்று, இரண்டும் நேராகப் பேட்டரியிலிருந்து. கிரவுண்ட் மட்டும் பேட்டரி பக்கத்திலேயே ஒன்றாகச் சேரட்டும். சர்வோ கரண்டை பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் வயர் செருகும் பலகை) வழியாக விடவே விடாதே, வழியில் 0.1 ஓம் இருந்தால்கூட 4 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும்.

பெரிய கெபாசிட்டர் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தாய். 1000 மைக்ரோஃபாரட் மட்டும் தனியாக 4 ஆம்பியரைக் கொடுத்தால் ஒரு மில்லிசெகண்டில் 4 வோல்ட் இறங்கிவிடும். போடு, நல்லதுதான், ஆனால் அதை நம்பி பலவீனமான சப்ளையை வைத்துக்கொள்ளாதே.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய். சர்வோ பக்கத்திலிருந்து போர்டுக்கு வரும் 5 வோல்ட் வயரைக் கழற்றிவிட்டு, கிரவுண்டை மட்டும் விட்டுவைத்து, போர்டை யூஎஸ்பியில் ஓட்டிப் பார். ரீசெட் நின்றுவிட்டால் குற்றவாளி சப்ளைதான். சர்வோ கிளம்பும்போது வரும் வோல்ட் சரிவு மல்டிமீட்டரில் தெரியாது, அவ்வளவு வேகம் அதற்குக் கிடையாது.

அப்புறம், என் இரண்டு சக்கர வண்டியில் மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் வைத்து சாலிடர் செய்தேன், சென்சார் அளவுகள் துள்ளாமல் நிற்கின்றன. அடுத்து பேட்டரி செல்லுக்கு 3.3 வோல்ட்டுக்கு இறங்கினால் கத்துகிற பஸ்ஸர் ஒன்று வைக்கப் போகிறேன், உன்னுடையதிலும் வை, லித்தியம் செல்லை அடி வரைக்கும் வடிய விட்டால் அப்புறம் தேறாது.

யூஎஸ்பி சோதனையில் என்ன ஆனது என்று உடனே எழுது.

அன்புடன்,
சேகர்