கல்தச்சர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய எருசலேமைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சாலொமோனின் ஆலயம், எசேக்கியாவின் சுரங்கம், ஏரோதின் மதில் என்று எல்லாவற்றுக்கும் ஓர் அரசரின் பெயர் வந்துவிட்டது. கல்லை வெட்டியவர்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆலயம் கட்டப்பட்ட இடத்தில் சுத்தியல், வாச்சி முதலான எந்த இரும்புக் கருவியின் சத்தமும் கேட்கவில்லை என்கிறது வேதாகமத்தின் 1 இராஜாக்கள் புத்தகத்தின் 6ஆம் அதிகாரம். அந்த அமைதியைப் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். ஆனால் சத்தமும் தூசியும் இல்லாமல் போய்விடவில்லையே, கல் வெட்டிய இடத்தில்தானே இருந்தன! அங்கேயே அளந்து, செதுக்கி, பணிதீர்த்து அனுப்பினால்தான் இங்கே கல் கல்லோடு பொருந்தும். அந்தக் கணக்கு யாருடையது? மலையில் வெட்டு வேலைக்கு 80,000 பேர், சுமை தூக்க 70,000 பேர் என்று முந்தைய அதிகாரம் சொல்கிறது. அதே அதிகாரத்தில், லீபனோனுக்கு மாதம் 10,000 பேராக முறை வைத்து ஆட்களைக் கட்டாய வேலைக்கு அனுப்பிய செய்தியும் வருகிறது. சாலொமோன் இறந்தபின் அந்த வேலைகளை வாங்கிய அதிகாரி அதோராமை மக்கள் கல்லெறிந்தே கொன்றார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆலயத்தின் கதை முழுமையாகும்.

சரி, சாலொமோன் காலத்து ஆட்களின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. எசேக்கியா சுரங்கத்தை வெட்டியவர்களின் குரல் கிடைத்திருக்கிறது! கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர, இரண்டு முனைகளிலிருந்தும் பாறையைக் குடைந்தார்கள். நீளம் சுமார் 533 மீட்டர். வளைந்து வளைந்து போகும் அந்த வழியில், முழு நீளத்துக்கும் தரையின் சரிவு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான். திசைகாட்டி இல்லாத காலத்தில், விளக்கு வெளிச்சத்தில் செய்த வேலை இது.

1880இல் அந்தச் சுரங்கச் சுவரில் ஒரு சிறுவன் கண்ட எபிரேயக் கல்வெட்டு ஆறே வரிகள். இன்னும் மூன்று முழம் மிச்சமிருக்கும்போது, பாறைக்கு அந்தப் பக்கம் ஒருவன் தன் தோழனைக் கூப்பிடும் குரல் கேட்டதாம். அப்புறம் கோடரிக்கு எதிராகக் கோடரி வெட்டி இரு அணிகளும் சந்திக்க, 1,200 முழத் தூரம் தண்ணீர் ஓடியது. வெட்டியவர்களின் தலைக்கு மேல் பாறை 100 முழ உயரம் இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். மீந்திருக்கும் வரிகளில் எந்த அரசரின் பெயரும் இல்லை. கடவுளின் பெயரும் இல்லை. வேலையும் வேலையாட்களும் மட்டுமே. எவ்வளவு பெருமிதம் இருந்தால் இப்படி எழுதத் தோன்றும்!

அந்தக் கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த இதழில் அதன் படத்தையும் ஆறு வரிகளின் முழுத் தமிழாக்கத்தையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை