குதிரைமசால் விதையில் கஸ்குட்டா களைவிதை கலப்பு: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
பால் மாடு வளர்க்கும் விவசாயி,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தீவன விதை நிறுவனம்.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் குதிரைமசால் தீவன விதையை ஒரு கிலோ பாக்கெட்டாக ஐந்து வாங்கினேன். ஏக்கருக்கு எட்டு கிலோ என்ற கணக்கில் அரை ஏக்கருக்கு நான்கு பாக்கெட் போதுமானதாக இருந்தது. ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து புரட்டாசியில் விதைத்தேன். முளைப்பில் குறை இல்லை. பிரச்சினை அதற்கு அப்புறம்தான்.

முதல் அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வயலில் அங்கங்கே மஞ்சள் திட்டு தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் செடிமேல் சேமியாவைக் கொட்டி வைத்ததுபோல் ஒரு கொடி. இலை கிடையாது, தரையில் வேரும் கிடையாது. தண்டை இறுக்கிச் சுற்றிய இடத்தில் பிரித்தால், பொடிப்பொடியான உறிஞ்சிகள் மசால் தண்டுக்குள் இறங்கியிருக்கின்றன. எங்கள் பக்கம் அம்மையார் கூந்தல் என்போம். வேளாண் துறையில் கஸ்குட்டா என்கிறார்கள். உங்கள் உதவி எண்ணில் பேசியவர், படத்தைப் பார்க்காமலேயே, "சத்துக் குறைபாடா இருக்கும்ண்ணா, நுண்ணூட்டம் அடிங்க" என்றார். ஒட்டுண்ணிக்கும் சேர்த்து நான் சத்து போட வேண்டுமாம்.

இரண்டாவது முறை பேசியவர், தொழுவுரம் வழியாகவோ தண்ணீர் வழியாகவோ வந்திருக்கலாம் என்றார். சரி, அப்படியும் வரும்தான். கஸ்குட்டா விதை மாட்டு வயிற்றில் சாகாமல் சாணத்தோடு வெளியே வரக்கூடியது. ஆனால் அதே வயலின் கிழக்கு ஓரத்தில் இரண்டு பாத்தி மட்டும் என் மச்சான் கொடுத்த மசால் விதையைத் தூவினேன். அதே நாள், அதே எரு, அதே கிணற்றுத் தண்ணீர். அந்தப் பாத்திகளில் இந்தக் கொடி ஓர் இழை கூட முளைக்கவில்லை.

சந்தேகம் தீர, விதைத்தது போகக் காலி பாக்கெட்டுகளின் அடியில் ஒட்டியிருந்ததை வெள்ளைத் தட்டில் தட்டிப் பார்த்தேன். மசால் விதை அவரை விதை வடிவில், மஞ்சளும் பழுப்புமாக, வழவழவென்று இருக்கும். அதனிடையே உருண்டையாக, சாம்பல் கலந்த பழுப்பில், சொரசொரப்பான விதைகள் கிடந்தன. அவற்றைத் தனியே மடித்து வைத்திருக்கிறேன்.

பாக்கெட்டில் "இயந்திரத்தில் சுத்தம் செய்யப்பட்டது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எந்த இயந்திரத்தில்? இரண்டு விதையும் பருமனில் ஏறக்குறைய ஒன்று என்பதால் சாதாரண சல்லடையில் முழுதாகப் பிரியாது. அதற்காகத்தான் இரும்புத்தூள் கலந்து காந்த உருளையில் விடும் முறை இருக்கிறது. சொரசொரப்பான கஸ்குட்டா விதையில் தூள் ஒட்டும், வழவழப்பான மசால் விதையில் ஒட்டாது. வெல்வெட் துணி சுற்றிய உருளையிலும் பிரிப்பார்கள். இதில் எதை இந்த விதைக் குவியலுக்கு (லாட்) செய்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் பாக்கெட்டில் இருப்பது நீல நிறச் சான்று அட்டை அல்ல, பச்சை நிற உண்மைநிலை அட்டை. அதாவது தரத்துக்கு நீங்களே பொறுப்பு என்று சொல்லி விற்றிருக்கிறீர்கள். குதிரைமசாலுக்கு விதைச்சான்றுத் தரத்தில் ஆட்சேபகரமான களை என்று குறித்திருப்பதே கஸ்குட்டாவைத்தான். விதை விற்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

"புது பாக்கெட் மாத்தித் தர்றோம்" என்கிறார் உங்கள் பகுதி விற்பனையாளர். அதை எங்கே விதைப்பது? ஒருமுறை விதைத்தால் மூன்று, நான்கு வருடம் மாதம் ஓர் அறுப்பு வரும், புண்ணாக்குச் செலவு குறையும், வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்ப்பதால் மசாலை உழுதுவிட்டு மிளகாயோ சின்ன வெங்காயமோ வைக்கலாம் என்றுதான் இதில் இறங்கினேன். கஸ்குட்டா விதை மண்ணுக்குள் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மிளகாய், வெங்காயம் இரண்டிலும் ஏறும். புல் இனத்தை அது அண்டாது என்பதால் இனி அந்த வயலில் சோளம், மக்காச்சோளம், கம்பு நேப்பியர் தீவனப் புல் என்று பல வருடம் ஓட்டியாக வேண்டும். நீங்கள் மாற்றித் தருவதாகச் சொல்லும் பாக்கெட் இதில் எந்த நட்டத்தை ஈடுகட்டும்? களைக்கொல்லி அடிக்கச் சொல்லும் யோசனையும் வேண்டாம். அது மாடு தின்னும் பயிர்.

ஆகவே, விதை விலையோடு உழவு, எரு, ஆள்கூலி, இந்தப் பருவத்துத் தீவன இழப்பு ஆகியவற்றையும் சேர்த்து ஈடு செய்ய வேண்டும். அதைவிட அவசரம், இதே குவியல் எண்ணுள்ள பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து உடனே திரும்பப் பெறுவது. நேற்று கூட கடையில் அவை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் விதை ஆய்வாளரிடம் புகார் கொடுத்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிரிக்காத ஐந்தாவது பாக்கெட் என்னிடமே இருக்கும். அதை விற்பனையாளரிடம் திருப்பித் தரமாட்டேன்.

வயலைப் பார்க்க ஆள் அனுப்புவதானால் இந்த வாரமே அனுப்புங்கள். கொடி பூத்துக் காய்க்கும் முன்னால் திட்டுத் திட்டாக மசாலோடு சேர்த்து அறுத்து அங்கேயே எரித்தாக வேண்டும். உங்கள் ஆளுக்காக அதைத் தள்ளிப்போட மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பாக்கெட் அட்டையின் படம், வயல் படங்கள்.