கால்சியத்தைப் பார்த்தாயா?

அன்புள்ள கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதிலிருந்து என் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. புரதத்தைக் கண்டுபிடிக்கிற அந்த வெஸ்டர்ன் ப்ளாட் சோதனை மூன்று வாரமாக வரவில்லை, கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் பிஎச்டிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்கள், "எனக்கு லேப் ஒத்துவரவில்லை அம்மா, மூன்று வருஷம் வீணாகப் போச்சு" என்றாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் வெறும் ஆறுதலாகப் போயிருக்கும். நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆஸ்பத்திரி லேபில் கழித்த இத்தனை வருஷத்தில் உனக்குச் சொல்லாமலே விட்ட ஒரு ராத்திரி உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம். இரவு ஷிஃப்ட். ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 11.4 என்று மெஷின் காட்டியது. சாதாரணமாக 3.5-க்கும் 5-க்கும் நடுவே இருக்கவேண்டியது. 7-ஐத் தொட்டாலே இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். உயிருக்கு ஆபத்தான எண் வந்தால் உடனே வார்டுக்குப் போன் செய்யவேண்டும் என்பது விதி. செய்தேன். இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு. திரும்பினால் என் சீனியர் பின்னால் நிற்கிறார். திரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கால்சியத்தைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. 0.6 என்று இருந்தது. 2.2-க்குக் கீழே போனாலே குறைவு. இந்த இரண்டு எண்ணும் இப்படிச் சேர்ந்து வந்தால், நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ட்யூபைச் சந்தேகப்படவேண்டும். ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ உப்பு போட்டிருப்பார்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலையே. சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டார்கள். கை நடுங்க மறுபடியும் போன் செய்தேன். அந்த நோயாளி கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாராம். பொட்டாசியத்தை இறக்க இன்சுலினை அப்போதுதான் எடுத்து வைத்திருந்தார்கள். பொட்டாசியம் சரியாக இருக்கிற உடம்பில் அது ஏறியிருந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும் என்று நீயே படித்திருப்பாய். புதிதாக எடுத்த ரத்தத்தில் 4.2 வந்தது.

நடந்ததை அன்றைக்கே எழுதித் தரச் சொன்னார் சீனியர். ஊற்றியது யார் என்று அவர் கேட்கவே இல்லை. நான் எதைப் பார்க்காமல் விட்டேன், எத்தனை மணிக்குப் போன் செய்தேன், எத்தனை மணிக்குத் திருத்தினேன், அதை எழுது என்றார். எழுதும்போது ஒரு வரி தப்பாகிவிட்டது. அழிக்க வெள்ளை மை தேடினேன். "வேண்டாம்" என்று தடுத்தார். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. அடித்த பிறகும் அடியில் இருப்பதைப் படிக்க முடியவேண்டும் என்றார்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் தெரியுமா? வந்த எண்ணை அப்படியே நம்பாமல் "இது உண்மையாக இருக்க முடியுமா?" என்று கேட்பதும், நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பதும்தான் உன் படிப்பு உனக்குக் கொடுத்திருக்கிற தொழில். திரவத்தை அளந்து எடுக்கிற பிபெட் அதற்கான ஒரு கருவி, அவ்வளவுதான். கருவியை மாற்றிக்கொள்ளலாம், தொழில் கூடவே வரும்.

ஃபிரான்சஸ் கெல்சி என்று ஒருவர் இருந்தார். மருத்துவர், மருந்தியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். 1960-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த புதிதிலேயே அவர் மேஜைக்கு வந்த கோப்புகளில் ஒன்று தாலிடோமைடு. பல நாடுகளில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த தூக்க மாத்திரை அது. கர்ப்பிணிகளும் வாந்திக்குப் போட்டுக்கொண்டார்கள். பாதுகாப்பு என்று சொல்வதற்கான ஆதாரம் போதாது என்று கோப்பைத் திருப்பி அனுப்பினார். கம்பெனி விடாமல் நெருக்கியது. இதை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு பாதிக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னக் கடிதம் அவர் கண்ணில் பட்டது. பெரியவர்களின் நரம்பையே தொடுகிற மருந்து வயிற்றில் இருக்கும் குழந்தையை என்ன செய்யும் என்று கேட்டார். பதில் இல்லை, அனுமதியும் இல்லை. 1961 கடைசியில் ஜெர்மனியில் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்துவிட்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கெல்சி இந்த விஷயத்தில் ஒரு பிபெட்டைக்கூடத் தொடவில்லை. காகிதத்தைப் படித்தார், கேள்வி கேட்டார். மருந்து அனுமதி தொடர்பான ரெகுலேட்டரி அஃபேர்ஸ் என்றால் வெறும் பைல் புரட்டும் வேலை என்று உன் வகுப்பில் யாராவது சொன்னால் இதைச் சொல்.

சரி, உனக்கு எது? இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. வேலையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதே. அந்த வேலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று பார். ஆஸ்பத்திரி லேப் என்றால் கடிகாரம் துரத்தும், ஷிஃப்ட் உண்டு, நீ கொடுக்கிற எண்ணை வைத்து அன்றைக்கே ஒருவருக்கு சிகிச்சை மாறும். எனக்கு அது பிடித்தது. மருந்தை மனிதர்களிடம் சோதிக்கிற க்ளினிக்கல் ட்ரையல் கண்காணிப்பில் பயணம் அதிகம். ஒவ்வொரு மையமாகப் போய் நோயாளியின் மூலப் பதிவும் அனுப்பிய தகவலும் ஒன்றாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்க்கவேண்டும். ஃபார்மகோவிஜிலன்ஸில் மருந்து சாப்பிட்டவருக்கு என்ன பக்கவிளைவு வந்தது, அதற்கு மருந்துதான் காரணமா என்று நாள் முழுக்கப் படித்து எடை போடுவார்கள். மருந்து, தடுப்பூசித் தயாரிப்பில் க்யூசி, அதாவது தரக் கட்டுப்பாடு, என்றால் ஒரே சோதனையை நூறு முறை ஒரே மாதிரி செய்கிற பொறுமை வேண்டும். மருத்துவ விஷயங்களைப் புரியும்படி எழுதுகிற மெடிக்கல் ரைட்டிங் உனக்குப் பொருந்தும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே தோழிகளுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தவள் நீ. படித்தவர்களுக்கெல்லாம் புரிந்ததே. மருத்துவக் கருவிக் கம்பெனிகளில் லேப்களுக்குப் போய் மெஷினைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள், காப்புரிமை பார்க்கிறவர்கள், மரபணு ஆலோசகர்கள் என்று இன்னும் நிறைய இருக்கிறது. சிலதற்கு மேற்படிப்பு வேண்டும். ஆஸ்பத்திரி லேபுக்குப் பல நாடுகளில் தனிப் பதிவோ உரிமமோ கட்டாயம். உன் பட்டம் அதற்குச் செல்லுமா என்பதைக் கடைசி செமஸ்டர் வரை தள்ளிப்போடாமல் இப்போதே விசாரித்துவிடு. இதைக் கேட்காமல் விட்டு ஒரு வருஷத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பிஎச்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேள்வி உன்னைத் தூங்கவிடாமல் செய்தால் போ. எல்லாரும் போகிறார்கள் என்று போகாதே. கடாலின் காரிகோவின் கதையை உங்கள் பேராசிரியர் சொல்லியிருப்பார். புரதம் செய்வதற்கான செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகிற எம்ஆர்என்ஏ-வை மருந்தாக்கலாம் என்று நம்பினார், 1995-இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார், 2005-இல் முக்கியமான கட்டுரை வந்தது, 2023-இல் நோபல் பரிசு. எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் கஷ்டப்பட்டால் கடைசியில் பலன் வந்தே தீரும் என்று அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளாதே கண்ணம்மா. அவரைப் போலவே உழைத்து, சம்பளமும் குறைந்து, பேர் தெரியாமல் வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்த மாணவர்கள் இருவரிடமாவது பேசு. இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருஷம் ஆனது, திரும்பவும் அதே வழிகாட்டியிடம் சேர்வார்களா என்று நேராகக் கேள்.

வழி எதுவானாலும் புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதே. ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழிகள், இரண்டில் ஒன்றைத் தினமும் அரை மணி நேரம் பழகு. எக்செல் போதாதா என்று கேட்டாய். ஒரு சேதி சொல்கிறேன். செப்ட்2, மார்ச்1 என்றெல்லாம் மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்துக்கொண்டு தானாக மாற்றிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளை 2016-இல் சோதித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றவேண்டியதாயிற்று. எல்லாரும் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். அந்தக் கட்டத்துக்குள் தேதி எப்படி வந்தது என்று நின்று பார்க்கத்தான் ஆளில்லை.

உன் சிவியைப் பார்த்தேன். "பிசிஆர், எலிசா, செல் கல்ச்சர் தெரியும்" என்று லேப் முறைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறாய். உன் வகுப்பில் எல்லாருடைய சிவியிலும் இதே வரிசைதான் இருக்கும். எலிசாவில் என்ன செய்தாய்? எத்தனை சாம்பிள்? தெரிந்த அளவுகளை வைத்து வரைகிற ஸ்டாண்டர்ட் கர்வ் சரியாக வராதபோது என்ன கண்டுபிடித்தாய்? போன வருஷம் இன்டர்ன்ஷிப்பில் ஃப்ரீசர் பட்டியலை ஒழுங்குபடுத்தி, லேபிள் மாறிக் கிடந்த பெட்டிகளைக் கண்டுபிடித்ததாக என்னிடம் சொன்னாயே, அது ஏன் சிவியில் இல்லை? நேர்முகத் தேர்வுகளில் நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தபோதெல்லாம் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்." தவறே செய்யவில்லை என்றவர்களை நான் எடுத்ததில்லை. அந்த 11.4-தான் காரணம்.

அப்புறம் இந்த வாரம் ஒரு காரியம் செய். உனக்கு நேரம் போனதே தெரியாத வேலை எது, எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கவைத்த வேலை எது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றன்றைக்கே குறித்து வை. ஞாயிற்றுக்கிழமை அதை எனக்குப் படித்துக் காட்டு. லேபே ஒத்துவரவில்லையா, இல்லை இந்த ஒரு சோதனைதான் படுத்துகிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

அந்த ப்ளாட் விஷயமும் இருக்கிறது. மூன்று வாரமாக, புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியின் அளவையே மாற்றி மாற்றிப் பார்த்ததாகச் சொன்னாய். புரதம் ஜெல்லிலிருந்து மெம்பிரேன் என்கிற மெல்லிய தாளுக்கு மாறியதா என்று பார்த்தாயா? ஆன்டிபாடி போடுவதற்கு முன்னால் பான்சோ சாயத்தில் ஐந்து நிமிஷம் வைத்தால் சிவப்புப் பட்டைகள் தெரியும். கழுவினால் சாயம் போய்விடும், ப்ளாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பட்டைகள் தெரிந்ததா இல்லையா என்று மட்டும் நாளைக்கு எனக்கு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா