மாயவரத்திலிருந்து, லேகியத்தோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அப்பா, தம்பி, அத்தை எல்லோரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

எதிர்வீட்டு மாமியின் பையன் வெள்ளிக்கிழமை டொரண்டோ கிளம்புகிறான். அவனிடம் தீபாவளி லேகியம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இந்தக் கடிதம். போன் என்றால் நாலு வார்த்தை பேசுவதற்குள் 'மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்' என்கிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நீ அனுப்பிய மேப்பிள் மரத்துப் படத்தை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தரை முழுக்கச் சிவப்பு இலை, அதன்மேல் உன் நிழல் மட்டும். "மாப்பிள்ளை கூடப் போகலையா?" என்றார். எனக்கென்ன தெரியும்? வருடா வருடம் அந்த அக்டோபர் விடுமுறையில் இரண்டு பேரும் அல்கான்குயின் காட்டுக்குப் போவீர்கள். ஏரியும் படகும் மாப்பிள்ளையின் நீலத் தொப்பியுமாகப் படம் வந்து குவியும். இந்த வருடம் தெருமுனை மரத்தோடு முடிந்துவிட்டது. வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன். கொலு வைத்தாயா என்று கேட்டதற்கும் 'மூணு படி வெச்சேன்' என்றாய், படம் வரவில்லை. அத்தை கொடுத்த மரப்பாச்சி ஜோடியை வைத்தாய் அல்லவா?

இங்கே ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டது. உங்கள் ஊரில் இலை கொட்டுகிற காலத்தில்தான் நம் ஊரில் மண்ணுக்கே உயிர் வருகிறது. கொல்லையில் கால் வைத்த இடமெல்லாம் பச்சை. கிணற்றடி வேலியில் கண்வலிக்கிழங்குக் கொடி நிறையப் பூத்திருக்கிறது. முந்தாநாள் ஒரே கொடியில் மூன்று பூ பார்த்தேன். அன்றைக்கு விரிந்தது பச்சையும் மஞ்சளுமாக, அடுத்தது பாதி சிவந்து, முதலில் பூத்தது முழுச் சிவப்பாக. உன் மேப்பிள் இலை நிறம் மாறுவது போலவே இருந்தது, உனக்கு அனுப்பலாம் என்று தம்பியைப் படம் எடுக்கச் சொல்வதற்குள் மழை வந்துவிட்டது. வெல்வெட் பூச்சியும் வந்திருக்கிறது. தீப்பெட்டிக்குள் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அதேதான்.

கீழத்தெரு பெரியப்பா குறுவை அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதலில் எடுப்பார்கள் என்பதால் நெல்லை ரோட்டில் பரப்பிவிட்டு, தார்ப்பாயும் கையுமாக வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். போன வருடம் அவர் மோட்டாருக்கு நீ பணம் அனுப்பியதைத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. 'பொண்ணுன்னா அப்படி இருக்கணும்' என்றார் நேற்றுகூட. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாயில், 'மாப்பிள்ளையும் பேசினாரா?' என்று கேட்கிறார். நான் ரேஷன் கடைக்கு நேரமாச்சு என்று வந்துவிட்டேன். எத்தனை பேருக்கு நான் இப்படி நேரமாச்சு என்று சொல்லுவேன், சொல்லு?

சரி, லேகியத்துக்கு வருகிறேன். அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சுக்கு, சித்தரத்தை, மிளகு, ஓமம், தனியா, சீரகம் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் நானே பார்த்து வாங்கினேன். ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, வெல்லம் போட்டு விறகடுப்பில் கிளறியது. கரண்டியைத் தூக்கினால் கனமாகச் சுருண்டு விழ வேண்டும், ஓரமெல்லாம் நெய் கக்கிக்கொண்டு வர வேண்டும். அதுவரை கையை எடுக்கக் கூடாது. ஆறிய பிறகுதான் தேன் சேர்த்தேன். காலையில் வெறும் வயிற்றில் சுண்டைக்காய் அளவு போதும். எவர்சில்வர் சம்படத்தில் இரண்டு பேருக்கு ஆகிற அளவு வைத்திருக்கிறேன். ஒருத்திக்கு என்றாலும் பரவாயில்லை பாப்பா, நாள்பட இருக்கும், கெடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாமே, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று மாமி சொன்னாள். இருட்டில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்காதே. இப்போது அங்கே பரங்கிக்காய் மலிவாயிற்றே, பால் கூட்டு பண்ணு. முகம் செதுக்கி விளக்கு வைக்கிற பெரிய காய் வேண்டாம், அது வெறும் தண்ணீரும் நாருமாக இருக்கும். சுரைக்காய் மாதிரி நீளமாக இருக்குமே, பட்டர்நட், அதை வாங்கு. சின்னதாக நறுக்கி, உப்புப் போட்டுக் குறைந்த தண்ணீரில் வேகவை. வெந்ததும் பால், கொஞ்சம் வெல்லம், ஒரு ஸ்பூன் அரிசி மாவு கரைத்து விடு. கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளி. மாப்பிள்ளைக்கு இனிப்புக் கூட்டு பிடிக்காது என்றுதானே இத்தனை வருடம் பண்ணாமல் இருந்தாய்? உனக்குப் பிடிக்குமே. உனக்காகப் பண்ணிச் சாப்பிடு.

தீபாவளி அன்று சாயங்காலம் வழக்கம்போல அப்பா 'தளபதி' போட்டார். எங்கள் தலை தீபாவளிப் படம், 1991. அதே நாளில்தான் 'குணா'வும் வந்தது, அப்பாவுக்கு அதற்குத்தான் போக ஆசை. கும்பகோணத்தில் உன் மாமா முந்திக்கொண்டு இதற்கு டிக்கெட் எடுத்துவிட்டான். ராக்கம்மா பாட்டுக்குத் தியேட்டரே ஆடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் 'குனித்த புருவமும்' என்று அப்பர் தேவாரம் வந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் இந்த முறை எனக்கு அந்தக் கோயில் காட்சியைத்தான் தாங்க முடியவில்லை. ரயில் கூவுகிறது. பெற்றவள் ஒரு பக்கம் கலங்கி நிற்கிறாள், அவள் யாரென்றே தெரியாத பிள்ளை இன்னொரு பக்கம் திரும்பிப் பார்க்கிறான். நீ எப்போதும் ரிமோட்டைப் பிடுங்கி அதை மறுபடி போட வைப்பாய். அந்த இடம் வந்ததும் அப்பா தானாகவே நிறுத்தி, இன்னொரு தடவை போட்டார். நீயும் அங்கே பார்த்தாயா? யாரோடு பார்த்தாய்?

இன்னும் சில நாளில் கடைமுகம், ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்கு. மாயவரம் முழுக்கத் துலாக்கட்டத்தில்தான் நிற்கும். மயூரநாதர், வள்ளலார் கோயில் சுவாமி எல்லோரும் காவிரிக்கு எழுந்தருளுவார்கள். அத்தை இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டாள். 2017 புஷ்கரத்தின்போது நீங்கள் இரண்டு பேரும் வந்து முங்கினீர்கள், அந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளை என் கையை விடாமல் பிடித்துப் படியிறக்கினார். நல்ல பிள்ளை என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். யார் மேலும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

கடைமுகத்துக்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. நடக்க முடியாமல் நடந்து, ஐப்பசி முடிந்த பிறகு வந்து சேர்ந்தவனுக்காகச் சுவாமி ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்தார் என்று பாட்டி சொல்லுவாளே. அவனுக்கும் முழுப் பலன். நான் இந்த வருடம் அன்றைக்குத்தான் போகப் போகிறேன், உன் பேரைச் சொல்லி முங்குவேன். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை என்று நான் கணக்குப் பார்க்கிறவள் இல்லை பாப்பா. நீ வருகிற நாள் எதுவானாலும் வா. எதற்கு வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள், கேட்க நான் விடமாட்டேன். மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஒழுகின இடத்தையும் கொத்தனாரை வைத்துப் பூசிவிட்டோம்.

சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளி, வெந்நீரில். நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், பேசிக்கொண்டிருந்தால்.

அன்புடன்,
அம்மா

அப்பா எழுதச் சொன்னது: மார்கழி பிறந்தால் டிக்கெட் விலை எக்கச்சக்கமாக ஏறிவிடுமாம். உன் பாஸ்போர்ட் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பார்த்துத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பணத்தை அவர் பார்த்துக்கொள்கிறாராம். மாமி பையன் போன் பண்ணும்போது எடு, சம்படத்தைக் கையோடு வாங்கி வை.